முடக்குவாதக்காரருக்கு எலும்பு கரைவது மாத்திரையாலா, நோயாலா?

தேவகோட்டையில் இருக்கிற உங்கள் ஆத்தாவுக்கு 62 வயது. ஆறு வருடமாக முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்). நோயை அடக்க வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்ஸேட், தினமும் காலையில் 5 மி.கி. பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை. எலும்பின் அடர்த்தியை அளக்க மதுரையில் எடுத்த டெக்ஸா ஸ்கேனில் இடுப்பெலும்பு மைனஸ் 2.7 என்று வந்திருக்கிறது. வருடத்துக்கு ஒரு தடவை நரம்பில் ஏற்றுகிற ஊசியைப் போட்டுவிடலாம் என்கிறார் மருத்துவர். ஸ்டீராய்டுதான் எலும்பைத் தின்றுவிட்டது, முதலில் அதை நிறுத்து, பிரண்டையும் ஆட்டுக்கால் சூப்பும் கொடு, எதிர்ப்புச் சக்திக்கு ஒரு லேகியம் வாங்கிக் கொடு என்கிறார்கள் பங்காளி வீட்டில். சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு யார் பேச்சைக் கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள். மேலே எழுதியிருப்பது ‘ஸ்டீராய்டை நிறுத்தலாமா’ என்று. உள்ளே இருக்கிற கேள்வி, எலும்பைக் கரைத்தது மருந்தா நோயா என்பது. அதற்கு விடை பிடிபட்டால் ஊசி, சூப்பு, லேகியம் எல்லாவற்றுக்கும் விடை தானாக வந்துவிடும்.

நான் மூட்டு, நோயெதிர்ப்பு சார்ந்த மருத்துவம் படித்தவன். இப்போது காரைக்குடியில் நோயாளிகளைப் பார்க்கிறேன். அதற்கு முன் சில வருடம் ஆய்வுக்கூடத்தில் எலும்பு செல்களோடு மல்லுக்கட்டினேன். உங்கள் ஆத்தாவின் ரத்தப் பரிசோதனை, கை கால் எக்ஸ்ரே, கிரியேட்டினின் எதையும் நான் பார்க்கவில்லை. ஆகவே இன்ன மருந்து இத்தனை மில்லிகிராம் என்று இங்கே எழுத மாட்டேன். எழுதினால் அது மருத்துவம் இல்லை, ஜோசியம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். வயதானால் முழங்காலில் ஜவ்வு தேய்ந்து வலிக்கிறதே, அது மூட்டுத் தேய்மானம். எலும்பின் அடர்த்தி குறைந்து, லேசான அடிக்கே ஒடிந்துபோகிற நிலை எலும்புப்புரை. ஆத்தாவுக்கு இருக்கிற முடக்குவாதம் மூன்றாவது. உடலின் எதிர்ப்பு மண்டலமே தன் மூட்டைப் பகையாளி என்று நினைத்துத் தாக்குவது அது. மூன்றும் ஒரே ஆளுக்கு வரலாம். உங்கள் ஆத்தாவுக்கு இப்போது தெரிந்திருப்பது மூன்றாவதும் இரண்டாவதும். இவை இரண்டும் தற்செயலாக ஒரே வீட்டில் குடியேறியவை அல்ல என்பதைத்தான் இனி சொல்லப்போகிறேன்.

எலும்பு செத்த கல் மாதிரி கிடப்பதில்லை. நம் பழைய வீடுகளில் மராமத்து நடக்கிறதே, ஒரு ஆள் உப்பரித்த சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தி எடுக்க, பின்னாலேயே கொத்தனார் புதுப் பூச்சுப் பூசிக்கொண்டு வருவாரே, அதுபோல எலும்பிலும் வாழ்நாள் முழுக்க வேலை நடக்கிறது. அரித்து எடுப்பது ஆஸ்டியோகிளாஸ்ட் என்ற செல். புதிதாகக் கட்டுவது ஆஸ்டியோபிளாஸ்ட். மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைவதால் அரிப்பு கை ஓங்கும். எல்லாப் பெண்களுக்கும் ஓரளவு நடப்பதுதான் இது. முடக்குவாதத்தில் இதற்கு மேல் இன்னொன்று சேர்கிறது.

அந்த அரிக்கும் செல் எங்கே பிறக்கிறது என்று பார்த்தால் கதை புரியும். அது எலும்பிலேயே பிறந்து வளர்ந்த செல் இல்லை. ரத்தத்தில் ஓடுகிற வெள்ளை அணுக்களில் மோனோசைட் என்று ஒரு வகை உண்டு. கிருமியை விழுங்கும் மாக்ரோஃபேஜ் எந்தக் குடும்பமோ அதே குடும்பம். ஆய்வுக்கூடத்தில் இந்த மோனோசைட்டுகளைத் தட்டில் இட்டு, எம்-சி.எஸ்.எஃப்., ராங்க்-எல் என்ற இரண்டு புரதங்களைச் சேர்த்து வைத்தால், முதலில் தனித்தனி உருண்டைகளாகத்தான் கிடக்கும். சில நாளில் நீளமாகி ஒன்றையொன்று தேடி ஊர்ந்துவரும். பிறகு ஒன்றோடு ஒன்று ஒட்டி, சுவர் கரைந்து, ஒரே பெரிய செல்லாகிவிடும். உள்ளே ஐந்து, பத்து, இருபது என்று உட்கருக்கள். சாயம் ஏற்றினால் நாவற்பழச் சாறு கொட்டியதுபோல் சிவப்பும் ஊதாவுமாகத் தெரியும். அடியில் மெல்லிய எலும்புத் துண்டை வைத்திருந்தால், செல்லைக் கழுவி எடுத்த பிறகு அது உட்கார்ந்திருந்த இடத்தில் குழி விழுந்திருக்கும். கிருமியோடு சண்டை போட வேண்டிய செல்லே சரியான சமிக்ஞை கிடைத்தால் எலும்பைக் குடைகிற செல்லாகிறது. இதைக் கண்ணால் பார்த்தவருக்கு எதிர்ப்பு மண்டலம் வேறு, எலும்பு வேறு என்ற பிரிவினையில் அப்புறம் நம்பிக்கை இருக்காது.

அந்தச் சமிக்ஞையான ராங்க்-எல்லைக் கண்டுபிடித்த விதமும் இதே கதைதான். 1997-இல் எதிர்ப்பு மண்டலத்தை ஆராய்ந்தவர்கள் டி-செல்களில் (அந்த மண்டலத்தின் ஒரு வகை வெள்ளை அணு) ஒரு மூலக்கூறைக் கண்டு ஒரு பெயர் வைத்தார்கள். 1998-இல் எலும்பை ஆராய்ந்தவர்கள், ஜப்பானில் ஒரு குழுவும் அமெரிக்காவில் ஒரு குழுவும், அரிக்கும் செல்லைப் பிறப்பிக்கும் பொருளைத் தேடிப் பிடித்து வேறு பெயர்கள் வைத்தார்கள். ஒப்பிட்டுப் பார்த்தால் எல்லாம் ஒரே சரக்கு. 1999-இல் அந்த மரபணுவை நீக்கிய எலிகளைப் பார்த்தபோது, அவற்றுக்கு அரிக்கும் செல்லே இல்லை, எலும்பு கெட்டிப்பட்டுப் போயிருந்தது, பல் முளைக்கவில்லை. கூடவே நிணநீர் முடிச்சுகளும் உருவாகவில்லை. மறு வருடமே இந்தத் துறைக்கு ஆஸ்டியோஇம்யூனாலஜி என்ற பெயர் வந்துவிட்டது.

இப்போது ஆத்தாவின் விரல் மூட்டுக்கு வருவோம். மூட்டின் உட்புறச் சவ்வு வீங்கி, அதில் டி-செல்களும் மாக்ரோஃபேஜ்களும் கூட்டமாகக் குடியிருக்கின்றன. அவை டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-6, இன்டர்லூக்கின்-17 போன்ற புரதங்களைச் சுரக்கின்றன. இவை ராங்க்-எல்லைக் கூட்டும், கட்டும் செல்லை அடக்கும். சவ்வு எலும்பைத் தொடுகிற ஓரத்தில் அரிக்கும் செல்கள் கூட்டமாகப் பிறக்கும். எக்ஸ்ரேயில் எலும்பு ஓரம் எலி கொறித்ததுபோல் தெரிகிறதே, அது இதனால்தான். அந்தப் புரதங்கள் மூட்டோடு நிற்பதில்லை. ரத்தத்தில் கலந்து முதுகெலும்பு, இடுப்பு என்று எங்கும் போகின்றன. விரலில் வீக்கம் அடங்காதவரை இடுப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டுதான் இருக்கும். இதில் சந்தேகமில்லை. முடக்குவாதம் உள்ளவருக்கு இடுப்பெலும்பு முறியும் வாய்ப்பு அதே வயதில் அந்த நோய் இல்லாதவரைவிட ஏறத்தாழ இரு மடங்கு. எலும்பு முறிவு அபாயத்தைக் கணக்கிடும் ஃப்ராக்ஸ் என்ற கணக்கில் ஸ்டீராய்டுக்கு ஒரு கட்டம் இருக்கிறது, முடக்குவாதத்துக்குத் தனியாக இன்னொரு கட்டமும் இருக்கிறது. மருந்து எடுக்காதவருக்கும் நோயே ஒரு காரணம் என்று ஏற்றுக்கொண்டதால்தான் அந்தத் தனிக் கட்டம்.

அப்படியானால் ஸ்டீராய்டு நிரபராதியா? இல்லை. அது கட்டும் செல்களைச் சாகடிக்கும், குடலில் கால்சியம் ஏறுவதைக் குறைக்கும், சிறுநீரில் கால்சியத்தை வெளியேற்றும். எலும்பு இழப்பு வேகமாக நடப்பது ஆரம்பித்த முதல் மூன்று முதல் ஆறு மாதத்தில். 2000-இல் பிரிட்டனில் குடும்ப மருத்துவர்களின் பதிவேடுகளை வைத்துச் செய்த பெரிய ஆய்வில், தினம் 7.5 மி.கி. அல்லது அதற்கு மேல் எடுத்தவர்களுக்கு முதுகெலும்பு முறிவு ஐந்து மடங்கு, 2.5-க்குக் கீழே எடுத்தவர்களுக்கும் ஒன்றரை மடங்கு என்று வந்தது. நிறுத்திய பிறகு அபாயம் குறைந்ததும் அதே ஆய்வில் தெரிந்தது. ஒன்றை மறந்துவிடக் கூடாது. யாருக்கு டாக்டர் அதிக ஸ்டீராய்டு எழுதுகிறார்? நோய் அதிகமாக இருப்பவருக்கு. ஆகவே அந்த ஐந்து மடங்கில் மருந்தின் பங்கு எவ்வளவு, நோயின் பங்கு எவ்வளவு என்று இந்த மாதிரிப் பதிவேட்டு ஆய்வை வைத்துப் பிரிக்க முடியாது. நெதர்லாந்தில் நடந்த சிகிச்சைப் பரிசோதனைகளில், நோய் புதிதாக வந்தவர்களுக்கு ஆரம்பத்திலேயே மற்ற மருந்துகளோடு கூடுதல் பிரெட்னிசோலோன் கொடுத்து, பிறகு சீக்கிரம் குறைத்துக்கொண்டு வந்தார்கள். கை எலும்பு கரைவது அவர்களுக்குக் குறைவாகவே இருந்தது. அழற்சியை அணைத்ததில் கிடைத்த லாபம் ஸ்டீராய்டின் நஷ்டத்தைவிடப் பெரிதாகிவிட்டது. குறுகிய காலத்துக்கு இது பொருந்தும். ஆறு வருடமாக 5 மி.கி. என்றால் நியாயம் மாறுகிறது. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு இரண்டு வருடம் தினம் 5 மி.கி. கொடுத்துப் பார்த்த குளோரியா என்ற பரிசோதனையில் (2022) மூட்டு நோய் நன்றாகவே அடங்கியது. தொந்தரவுகள், பெரும்பாலும் சிறு தொற்றுகள், சற்றுக் கூடின. முதுகெலும்பு அடர்த்தியில் ஒரு சதவீத அளவுக்கு இழப்பு. இரண்டு வருடக் கணக்கை நீட்டிப் பத்து வருடத்துக்குச் சொல்லக் கூடாது.

ஆக, உங்கள் பங்காளி வீட்டார் சொன்னதில் பாதி சரி. கெட்டது எங்கே என்றால் ‘உடனே நிறுத்து’ என்பதில். ஆறு வருடமாக வெளியிலிருந்து ஸ்டீராய்டு வருவதால், சிறுநீரகத்தின் தலையில் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி தன் வேலையை மறந்திருக்கும். திடீரென்று நிறுத்தினால் வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தம் சரிவது என்று உயிருக்கே ஆபத்தாகலாம். மூட்டு வீக்கமும் இரட்டிப்பாகத் திரும்பும், அதோடு எலும்பு அரிப்பும். மருத்துவரிடம் கேட்க வேண்டியது, ‘நோய் இப்போது அடங்கியிருக்கிறதா? அடங்கியிருந்தால் இந்த 5-ஐ எப்படிப் படிப்படியாகக் குறைக்கப்போகிறோம்? அடங்கவில்லை என்றால் அடுத்து எந்த மருந்தைச் சேர்க்கப்போகிறோம்?’ வலியில்லாமல் நடமாடுகிறார் என்பதாலேயே ஆறு வருடமாக அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை தொடர்ந்து ஓடுவதுதான் நான் அதிகம் பார்க்கிற விஷயம். ஸ்டீராய்டு பழையபடி நீடிக்கும்போது மற்ற மருந்தை ஏற்ற யாருக்கும் அவசரம் தோன்றுவதில்லை.

மெத்தோட்ரெக்ஸேட் கேன்சர் மருந்து என்று பயமுறுத்தியதாக எழுதியிருந்தீர்கள். அது புற்றுநோய்க்காகப் பிறந்தது உண்மைதான். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு அமெரிக்கா போன எல்லாப்பிரகட சுப்பாராவின் குழு 1940-களில் உண்டாக்கிய ஃபோலிக் அமில எதிர்ப்பு மருந்துகளில் ஒன்று. புற்றுநோய்க்குக் கொடுக்கும் அளவோடு ஒப்பிட்டால் மூட்டுக்குக் கொடுப்பது மிகக் கொஞ்சம். இந்த அளவில் அது எலும்பைக் கரைப்பதாகச் சான்று இல்லை. அழற்சியை அடக்குவதால் எலும்புக்கு நல்லதே செய்கிறது. அதில் இருக்கும் உண்மையான ஆபத்து வேறு: வாரம் ஒரு நாள் போட வேண்டியதைத் தவறுதலாகத் தினமும் போட்டுவிடுவது. வாய் முழுக்கப் புண்ணாகி, ரத்த அணுக்கள் விழுந்து வருபவர்களை இந்தியாவில் மூட்டு மருத்துவர் எல்லோருமே பார்த்திருப்பார்கள். தொலைவில் இருக்கிற பிள்ளை செய்யக்கூடிய மிக உபயோகமான காரியம், கிழமையைச் சொல்லி அன்றைக்கு ஒரு போன் போடுவது. ஃபோலிக் அமிலம் வேறு கிழமையில்.

ஊசி விஷயம். உங்கள் விவரத்தை வைத்துப் பார்த்தால் அவர் சொல்வது ஜோலெட்ரோனிக் அமிலமாக இருக்க வேண்டும். வருடத்துக்கு 5 மி.கி., கால் மணி நேரத்துக்குக் குறையாமல் மெதுவாக ஏற்றுவது. மைனஸ் 2.7 என்பது இளவயதுப் பெண்ணின் சராசரியோடு ஒப்பிட்ட எண். மைனஸ் 2.5-ம் அதற்குக் கீழும் எலும்புப்புரை என்று 1994-இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்தது. முடக்குவாதம், ஸ்டீராய்டு, மாதவிடாய் நின்ற வயது, இந்த எண், நான்கும் சேர்ந்தால் கால்சியம் மாத்திரையோடு நிறுத்திக்கொள்வது போதாது என்பதில் எனக்குத் தயக்கமில்லை. 2007-இல் வெளியான மூன்று வருடப் பரிசோதனையில் இந்த ஊசி முதுகெலும்பு முறிவை 70 சதவீதமும் இடுப்பெலும்பு முறிவை 41 சதவீதமும் குறைத்தது. அதில் சேர்ந்தவர்கள் சாதாரண எலும்புப்புரை உள்ள பெண்கள். ஸ்டீராய்டு எடுப்பவர்களிடம் எலும்பின் அடர்த்தி கூடுகிறது என்பதற்குத் தனியாக நல்ல சான்று உண்டு, முறிவைத் தடுப்பது பற்றிய சான்று அவ்வளவு கெட்டியாக இல்லை. இருந்தாலும் போடுவதே சரி என்பது என் கட்சி.

போடுவதற்கு முன் மூன்று காரியம். கிரியேட்டினின் பார்த்துச் சிறுநீரகம் தாங்குமா என்று உறுதி செய்ய வேண்டும். வைட்டமின் டி குறைவாக இருந்தால் முதலில் அதை நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் ஊசிக்குப் பிறகு ரத்தத்தில் கால்சியம் இறங்கி விரல் மரத்துப்போகும், இழுக்கும். பிடுங்க வேண்டிய பல் இருந்தால் முன்னாலேயே பிடுங்கி ஆறவிட வேண்டும். தாடை எலும்பு செத்துப்போகிற பக்கவிளைவு அபூர்வம்தான், ஆனால் வந்தால் படுத்தும். முதல் ஊசிக்குப் பிறகு ஓரிரு நாள் காய்ச்சலும் உடம்பு வலியும் வரும். இதைச் சொல்லிவைக்காததால் ‘ஊசி ஒத்துக்கவில்லை’ என்று மறு வருடம் வராமலே போனவர்கள் உண்டு. பாரசிட்டமால் போதும்.

டெனோசுமாப் என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் போடும் ஊசியையும் யாராவது சொல்லலாம். முன்னே சொன்ன ராங்க்-எல்லையே பிடித்துக் கட்டிப்போடும் எதிர்ப்பொருள் அது. முடக்குவாதத்தில் அது காட்டிய ஒரு வினோதம் உண்டு. மூட்டு ஓரத்து அரிப்பைக் குறைக்கிறது, ஆனால் வீக்கத்தையும் வலியையும் துளியும் தொடுவதில்லை. தீ எரிந்துகொண்டேயிருக்கும், எலும்பு மட்டும் தப்பும். எலி ஆய்வில் 1999-இலேயே பார்த்ததை மனிதரிலும் பார்த்தோம். ஜப்பானில் முடக்குவாதத்தின் எலும்பரிப்புக்கென்றே இதற்கு அனுமதி கொடுத்திருக்கிறார்கள், மற்ற நாடுகளில் பெரும்பாலும் எலும்புப்புரைக்கு மட்டும். நல்ல மருந்துதான், ஆனால் ஒரு தவணை தவறினால் அடக்கிவைத்த அரிப்பு எகிறிப்போய் முதுகெலும்புகள் வரிசையாக நொறுங்கியதாகப் பதிவுகள் இருக்கின்றன. பிள்ளைகள் வெளிநாட்டில், கூட்டிப்போக ஆள் இல்லாத வீட்டில், ஆறு மாதத் தவணையை நான் நம்ப மாட்டேன். வருட ஊசி பாதுகாப்பு.

சாப்பாட்டுக்கு வருவோம். பிரண்டைத் துவையலை நிறுத்தச் சொல்ல நான் யார், அது இல்லாமல் எங்கள் வீட்டிலும் சோறு இறங்காது. எலிகளில் முறிந்த எலும்பு சீக்கிரம் ஒட்டிக்கொள்கிறது என்று ஆய்வுகள் உண்டு, மனிதரில் நடந்தவை சிறியவை. முடக்குவாதக்காரரின் இடுப்பு முறிவைத் தடுக்கும் என்று காட்டிய ஆய்வு எதுவும் இல்லை. துவையலாகச் சாப்பிடட்டும், மருந்துக்குப் பதிலாக வேண்டாம். ஆட்டுக்கால் சூப்பில் எலும்பு கொதிப்பதால் கால்சியம் இறங்கிவிடும் என்பது நம்பிக்கை மட்டுமே. கால்சியம் பெரும்பாலும் எலும்பிலேயே தங்கிவிடுகிறது, சட்டியில் வருவது கொஞ்சம். அவர் வயதுக்குத் தினம் 1200 மி.கி. கால்சியம் வேண்டும் என்கிறது நம் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். நூறு கிராம் கேழ்வரகில் முந்நூற்றைம்பது மி.கி. அளவு, ஒரு டம்ளர் பாலில் இருநூறுக்கு மேல். எள்ளும் முருங்கைக்கீரையும் சேர்ந்தால் பாதிக்கு மேல் சாப்பாட்டிலேயே வந்துவிடும். மீதிக்குத்தான் மாத்திரை. கார்பனேட் வகை என்றால் சாப்பாட்டோடு. தைராய்டு மாத்திரை இருந்தால் அதற்கும் இதற்கும் நாலு மணி நேரம் இடைவெளி.

வைட்டமின் டி பற்றி எழுதினால் ‘செட்டிநாட்டு வெயிலில் அதற்கென்ன பஞ்சம்’ என்று எல்லோரும் சிரிப்பார்கள். முற்றத்தில் வடகம் காயும், வெயில் பன்னிரண்டுக்கு உச்சிக்கு வரும், ஆச்சி பட்டாலை நிழலில் விசிறியோடு உட்கார்ந்து காக்காய் விரட்டுவார். வடகத்துக்குக் கிடைக்கும் வெயில் ஆச்சிக்குக் கிடைப்பதில்லை. வெயில் கொட்டுகிற நாட்டில்தான் இந்தக் குறை இவ்வளவு பரவலாக இருக்கிறது. பரிசோதித்துக் குறைவு என்றால் 60,000 யூனிட் பொடி வாரம் ஒன்று என்று எட்டு வாரம் எழுதுவோம். அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு இரண்டு வருடமாக வாரா வாரம் குடித்துவருபவர்களும் உண்டு. ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் கெடும். எட்டு வாரம் முடிந்ததும் எவ்வளவு, எத்தனை நாளைக்கு ஒருமுறை என்று மறுபடி கேளுங்கள். வைட்டமின் டி முடக்குவாதத்தையே குணமாக்குமா என்றால், அதற்குத் தகுந்த சான்று இல்லை. அமெரிக்காவில் இருபத்தைந்தாயிரம் பேருக்கு மேல் சேர்ந்த வைட்டல் பரிசோதனையில், ஐந்து வருடம் தினம் 2000 யூனிட் எடுத்தவர்களுக்குத் தன்னெதிர்ப்பு நோய்கள் புதிதாக வருவது 22 சதவீதம் குறைந்தது. வந்துவிட்ட நோய்க்கு அதை நீட்டிச் சொல்ல முடியாது. அதே பரிசோதனையில் ஆரோக்கியமானவர்களுக்கு எலும்பு முறிவு குறையவும் இல்லை.

லேகியம்தான் எனக்குக் கவலை. ஆத்தாவுக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு இல்லை, அது வழிதவறிப் போயிருக்கிறது. வழிதவறியதற்கு இன்னும் தெம்பு ஊட்டுவானேன்? கோவிட் காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று சீந்தில் எடுத்த சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021-இல் பதிவு செய்தார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது, சர்ச்சை இன்னும் முடியவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே கல்லீரலைக் கண்காணித்துக் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட்டோடு அதைச் சேர்க்க நான் சம்மதிக்க மாட்டேன். இதைவிட மோசம், பெயரில்லாத பொட்டலத்தில் வரும் ‘வாதப் பொடி’. இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது, பசி எடுக்கிறது, முகம் தெளிந்துவிட்டது என்றால் உள்ளே ஸ்டீராய்டு கலந்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். நாட்டில் பல இடங்களில் பரிசோதித்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள். பங்காளி வீட்டார் 5 மி.கி.-க்குப் பயந்து ஆத்தாவை நிறுத்தச் சொல்வார்கள், அளவே தெரியாத ஸ்டீராய்டை அந்தப் பொடியில் கொடுப்பார்கள்.

இடுப்பெலும்பு எவ்வளவு மெலிந்திருந்தாலும் விழாமல் முறியாது, பெரும்பாலும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை தேய்க்கத் தேய்க்கக் கண்ணாடியாகும். ஐப்பசி மழையில் முற்றத்துச் சாரல் தெறித்தால் வாலிபருக்கே வழுக்கும். ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு நிலைப்படி, காலை முழுக்கத் தூக்கி வைக்க வேண்டும். முடக்குவாதத்தில் பாதமும் கணுக்காலும் அவ்வளவு தூக்க வராது. கழிப்பறை பின்கட்டுக்கு அப்பால், ராத்திரி இரண்டு மணிக்கு விளக்குப் போடாமல் போகிற பழக்கம். ஆத்தா படுக்கையைக் கழிப்பறைக்குப் பக்கத்து அறைக்கு மாற்றுங்கள், வழியில் ராத்திரி முழுக்க எரியும் சின்ன விளக்கு, சுவரில் கைப்பிடி, உட்கார்ந்து எழ மேற்கத்தியக் கழிப்பறை. பழைய வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது என்று தகராறு வரும், சமாளியுங்கள். 

எது நிச்சயமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முடக்குவாதத்தைக் கண்டறியப் பார்க்கும் சி.சி.பி. எதிர்ப்பொருள் (உங்கள் ஆத்தாவின் ரிப்போர்ட்டில் பாசிட்டிவ் என்று எழுதியிருக்கிறீர்கள்) மூட்டு வீங்குவதற்குப் பல வருடம் முன்பே ரத்தத்தில் வந்துவிடும். அப்போதே எலும்பு கரையத் தொடங்கிவிடுகிறது என்பதற்கு அறிகுறிகள் உண்டு. அந்த எதிர்ப்பொருளே நேரடியாக அரிக்கும் செல்லைத் தூண்டுகிறதா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒத்த கருத்து வரவில்லை. டி.என்.எஃப்.பைத் தடுக்கும் ஊசிகள் போன்ற புதிய மருந்துகள் எலும்பின் அடர்த்தி குறைவதை நிறுத்துகின்றன, ஆனால் ஒடிவதை எவ்வளவு குறைக்கின்றன என்று அறுதியிட்டுச் சொல்லும் அளவுக்குப் பரிசோதனை நடக்கவில்லை. அந்த மருந்துகள் நம் ஊரில் தொடங்குமுன் காசநோய் மறைந்திருக்கிறதா என்று பார்க்காமல் தொடங்கவே கூடாது. மெத்தோட்ரெக்ஸேட் போதவில்லை என்று மருத்துவர் சொன்னால், அப்போது அது உங்கள் முன் வரும் பேச்சு.

கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள், உங்களுக்கும் தங்கைக்கும் வருமா என்று. பெற்றோருக்கோ உடன்பிறப்புக்கோ இருந்தால் வாய்ப்பு சில மடங்கு கூடுகிறது. நம் மக்கள்தொகையில் நூறில் ஒருவருக்கும் குறைவாகவே இருக்கிற நோய் என்பதால், கூடினாலும் வராமல் போகும் வாய்ப்பே அதிகம். பெண்களுக்கு ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருவதால் உங்களைவிடத் தங்கைதான் கவனமாக இருக்க வேண்டும். நீங்கள் சிகரெட் பிடிப்பவர் என்றால், மாற்றக்கூடிய காரணங்களில் அதுதான் முதல், விட்டுவிடுங்கள். தொந்தரவு எதுவும் இல்லாதபோது சி.சி.பி. பரிசோதனை செய்து பார்ப்பதால் லாபமில்லை. பாசிட்டிவ் வந்து, மூட்டு வலி மட்டும் இருப்பவர்களுக்கு அபாடாசெப்ட் என்ற மருந்தை ஒரு வருடம் கொடுத்துப் பார்த்து 2024-இல் வெளியிட்டார்கள். நோய் தள்ளிப்போனது, மருந்தை நிறுத்திய பிறகு அந்தப் பலன் மெல்ல மங்கியது. இப்போதைக்கு அதை யாருக்கும் வழக்கமாகக் கொடுப்பதில்லை. காலையில் எழுந்ததும் விரல்கள் அரை மணி நேரத்துக்கு மேல் மடங்க மறுத்தால், மோதிரம் திடீரென்று இறுகினால், கை குலுக்கும்போது விரல் அடிக்கணுக்கள் வலித்தால், வலி மாத்திரையில் காலம் தள்ளாமல் ஆறு வாரத்துக்குள் மூட்டு நோய் மருத்துவரிடம் காட்டுங்கள். சிக்குன்குனியா வந்துபோன பிறகும் இதே மாதிரி வலி மாதக்கணக்கில் இருக்கும், அதனால் முந்திய சில மாதத்தில் காய்ச்சல் வந்திருந்தால் அதையும் அவரிடம் சொல்லுங்கள்.